காற்றடைத்த கூடார மருத்துவமனை: வெயிலைத் தாங்கும் திறன் எவ்வாறு சோதிக்கப்படுகிறது? நோயாளிகள் அறிய வேண்டியவை யாவை?

நிலநடுக்கம், புயல், பெருவெள்ளம் ஆகிய பேரிடர்களின்போது மருத்துவமனைக் கட்டடங்களே இடிந்துபோவதுண்டு. அத்தகைய வேளையில் குறுகிய காலத்தில் எழுப்பக்கூடிய கள மருத்துவமனைகள் தேவைப்படுகின்றன. அவற்றுள் ஒரு வகை, காற்றடைத்த கூடாரங்களால் ஆனது. இரும்புச் சட்டங்களுக்குப் பதிலாக, காற்று நிரப்பிய தடித்த குழாய்கள் வளைவுகளாக நின்று கூரையையும் சுவர்களையும் தாங்குகின்றன. 2005 அக்டோபரில் பாகிஸ்தானின் வடபகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்திற்குப் பின் மான்சேரா நகரிலும், 2010 ஜனவரி நிலநடுக்கத்திற்குப் பின் ஹைட்டியின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்சிலும், 2013 நவம்பரில் ஹையான் புயலுக்குப் பின் பிலிப்பைன்சின் டக்லோபான் நகரிலும் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு இத்தகைய மருத்துவமனைகளை நிறுவியது.

இம்மூன்று இடங்களின் தட்பவெப்பத்தை எண்ணிப் பாருங்கள். மான்சேராவில் நோயாளிகளை எதிர்நோக்கியிருந்தது மலைப்பகுதியின் கடுங்குளிர். மற்ற இரண்டும் வெப்ப மண்டலத்துக் கடலோர நகரங்கள். குளிரில் நன்கு பயன்பட்ட ஒரு கூடாரம், உச்சி வெயிலிலும் அவ்வாறே பயன்படும் என்று கொள்வதற்கில்லை. எனவேதான் இக்கூடாரங்களையும் அவற்றின் துணிகளையும் வெயிலுக்கு உட்படுத்திச் சோதிக்கின்றனர். நீங்களோ உங்கள் உறவினரோ அத்தகைய கூடாரத்தில் சிகிச்சை பெற நேர்ந்தால், அச்சோதனைகள் எதை உறுதி செய்கின்றன, எதை உறுதி செய்வதில்லை என்பதை அறிந்திருப்பது உங்களுக்குப் பயன்படும்.

வெயில் உள்ளே வருவது எப்படி?

தெளிந்த வானத்தில் உச்சிப்பொழுதுச் சூரியன் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஏறத்தாழ 1000 வாட் ஆற்றலைப் பொழிகிறது. 100 சதுர மீட்டர் இடத்தை அடைத்து நிற்கும் ஒரு கூடாரத்தின்மீது அந்நேரத்தில் விழுவது சுமார் 100 கிலோவாட். நூறு மின் இஸ்திரிப் பெட்டிகளைக் கூரையின்மேல் பரப்பி வைத்ததற்கு இது ஒப்பாகும். புதிய வெள்ளைத் துணி இதில் நான்கில் மூன்று பங்கைத் திருப்பி அனுப்பிவிடும் என்று வைத்துக்கொண்டாலும், மீதம் 25 கிலோவாட் துணியில் தங்கும். அதில் ஒரு பகுதியைக் காற்று வெளியே கொண்டுசெல்லும். எஞ்சியது உள்ளே இறங்கும்.

ஒரு டன் திறனுள்ள குளிர்சாதனம் அகற்றக்கூடிய வெப்பம் சுமார் 3.5 கிலோவாட் மட்டுமே என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அமைதியாக இருக்கும் ஒரு மனித உடல் தானே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஆகவே, நோயாளிகளும் உடனிருப்போரும் பணியாளர்களுமாக 35 பேர் கூடியிருந்தால், அவர்களின் உடல் வெப்பத்தை அகற்றவே ஒரு டன் குளிர்சாதனம் முழுவதும் செலவாகிவிடும்.

செங்கல் சுவர் பகல் வெப்பத்தை மெல்ல உறிஞ்சி, இரவில் மெல்ல வெளியிடும். துணிச் சுவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. மேகம் மறைத்தால் சில நிமிடங்களில் குளிர்கிறது. வெயில் வந்தால் சில நிமிடங்களில் சூடேறுகிறது. மின்சாரம் தடைப்பட்டுக் குளிர்சாதனம் நின்றால் உள்ளே வெப்பம் எவ்வளவு விரைவாக உயர்கிறது என்பது, முறையான சோதனையில் தவறாது அளக்கப்பட வேண்டிய ஒன்று. நோயாளியைப் பொறுத்தவரை, மற்றெல்லா அளவுகளையும்விட இதுவே முக்கியமானது என்று கூறலாம்.

செயற்கை வெயிலில் சோதனை

திறந்தவெளிப் பாலைவனத்தில் கூடாரத்தை நிறுத்தி அளப்பது ஒரு முறை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள யூமா சோதனைக் களம் இவ்வகைப் பாலைவனச் சோதனைகளுக்குப் பெயர்பெற்றது. ஆனால் இயற்கை வெயிலை நம் விருப்பத்திற்கேற்பத் திரும்பத் திரும்ப ஒரே அளவில் வரவழைக்க இயலாது. ஆகவே மூடிய கூடங்களில் செயற்கை வெயிலும் பயன்படுத்தப்படுகிறது. புளோரிடா மாநிலத்தின் எக்லின் விமானப்படைத் தளத்தில் இயங்கும் மெக்கின்லி காலநிலை ஆய்வுக்கூடம் இத்தகையவற்றுள் மிகப் பெரியது. விமானத்தையே உள்ளே நிறுத்தும் அளவுக்கு அகன்ற அதன் முதன்மைக் கூடத்தில், உறைநிலைக்குக் கீழே சுமார் 54 டிகிரி முதல் உறைநிலைக்கு மேல் சுமார் 74 டிகிரி செல்சியஸ் வரை வெப்பநிலையை அமைக்க முடியும்.

செயற்கை வெயில் சோதனைக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் வழிமுறை, அமெரிக்க இராணுவத் தரநிலை 810-இன் 505ஆம் முறையாகும். சூரிய ஒளியின் நிறமாலையை ஒத்த விளக்குகள் கூடாரத்தின்மேல் வரிசையாகப் பொருத்தப்படுகின்றன. ஒரு முழு நாளின் போக்கு அப்படியே நடித்துக் காட்டப்படுகிறது: விடியலில் விளக்குகள் மங்கலாகத் தொடங்கி, உச்சியில் சதுர மீட்டருக்கு 1120 வாட் அளவை எட்டி, மாலையில் தணிகின்றன. உடன் கூடத்தின் காற்று வெப்பநிலையும் விடியற்காலையில் 32 டிகிரியிலிருந்து பிற்பகலில் 49 டிகிரி வரை ஏறி இறங்குகிறது. உலகின் மிகக் கடுமையான வறண்ட வெப்பப் பகுதிகளுக்கு உரிய அளவு இது. இந்த 24 மணி நேரச் சுற்று குறைந்தது 3 முறை தொடர்ந்து நடத்தப்படுகிறது. ஒரே நாளில் எட்டாத உச்ச வெப்பத்தைச் சில பொருள்கள் இரண்டாம் மூன்றாம் நாள்களில் எட்டுவதே இதற்குக் காரணம்.

இச்சோதனையில் காற்றோட்டத்தை வேண்டுமென்றே குறைவாக வைக்கின்றனர். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசும் மெல்லிய காற்றுகூட, வெயிலால் ஏறும் வெப்பத்தை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துவிடும். காற்றே அசையாத பிற்பகலில் என்ன நிகழும் என்பதை அறியவே சோதனை. காற்று துணைபுரியும் நாளைச் சோதிப்பதில் பொருளில்லை.

துணியின் ஆயுளை அறிவதற்கு வேறொரு முறை உள்ளது. இதில் நாளொன்றுக்கு 20 மணி நேரம் முழு வெயில், 4 மணி நேரம் இருள். இயல்பான ஒரு நாளின் வெயிலைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெயிலைத் துணி ஒரே நாளில் பெறுகிறது. எந்நேரமும் வெளியில் நிற்கும் பொருள்களுக்கு இத்தகைய 56 சுற்றுகள் பரிந்துரைக்கப்படுகின்றன. புற ஊதாக் கதிர்கள் துணியின் பி.வி.சி. பூச்சை வெடிக்கச் செய்கின்றனவா, ஒட்டுகள் பிரிகின்றனவா, வெள்ளை நிறம் மஞ்சளாகின்றதா என்று பார்க்கின்றனர்.

காற்றுக் குழாய்கள் வெடித்துவிடுமா?

உடனிருப்போர் பலருக்கும் எழக்கூடிய ஐயம் இது. வெயிலில் நிறுத்திய வாகனத்தின் டயரில் காற்றழுத்தம் கூடுவதை அறிந்தவர்களுக்கு இவ்வச்சம் இயல்பானதே. காரணமற்ற அச்சமும் அன்று.

காற்றடைத்த கூடாரங்களில் இரு வகை உண்டு. ஒன்றில், ஊதுவிசிறி இடைவிடாது இயங்கிக் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்திக்கொண்டே இருக்கும். மற்றொன்றில், குழாய்களில் காற்றை நிரப்பி அடைத்துவிடுவார்கள். வெயில் மிகுதியாகப் பாதிப்பது இந்த இரண்டாம் வகையைத்தான். அடைபட்ட காற்று சூடேறினால் அதன் அழுத்தம் உயரும். ஒரு கணக்கைப் பார்ப்போம். விடியற்காலையில் 25 டிகிரியில், வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் கால் பங்கு கூடுதலாக ஒரு குழாயை நிரப்பியதாகக் கொள்வோம். உச்சி வெயிலில் குழாயினுள் இருக்கும் காற்று 65 டிகிரியை எட்டுகிறது. குழாய் சற்றும் விரியவில்லையெனில், அந்தக் கூடுதல் அழுத்தம் 0.25 பங்கிலிருந்து 0.42 பங்காக உயர்ந்துவிடும். அதாவது, ஒட்டுகளின்மீதான இழுவிசை மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடுகிறது. அதுவும் துணியும் பசையும் சூட்டில் இளகியிருக்கும் நேரம் பார்த்து.

இதனால்தான் குழாய்களில் அழுத்தம் விடும் வால்வுகள் பொருத்தப்படுகின்றன. அழுத்தம் வரம்பை மீறும்போது அவை தாமே திறந்து, மிகுதிக் காற்றை வெளியேற்றிவிடும். நண்பகலில் சுவரோரம் ‘உஸ்’ என்ற ஒலி கேட்டால் கூடாரம் ஓட்டையாகிவிட்டது என்று அஞ்ச வேண்டாம். வால்வு தன் பணியைச் செய்கிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். அதை விரலாலோ துணியாலோ அடைக்க முயலக் கூடாது.

ஆனால் கதை நண்பகலோடு முடிவதில்லை. மேற்கண்ட குழாயில் வால்வு காற்றை வெளியேற்றி, அழுத்தத்தைப் பழைய 0.25 அளவுக்கே கொண்டுவந்துவிட்டது என்று கொள்வோம். இரவில் குழாய் மீண்டும் 25 டிகிரிக்குக் குளிரும்போது, கூடுதல் அழுத்தம் வெறும் 0.10 பங்காகச் சுருங்கிவிடும். பகலில் விறைத்து நின்ற வளைவு விடியற்காலையில் தளர்ந்து நிற்பது இதனால்தான். நல்ல சோதனையில் நண்பகல் அழுத்தத்தை மட்டுமன்றி விடியற்கால அழுத்தத்தையும் பதிவு செய்வார்கள். மருத்துவமனைப் பணியாளர்களும் காலைதோறும் அழுத்தத்தைச் சரிபார்த்துக் காற்று நிரப்புவார்கள். அதிகாலையில் உங்கள் கட்டிலுக்கு மேலுள்ள கூரை தொய்ந்திருப்பதையோ சுவர் உள்வாங்கியிருப்பதையோ கண்டால், பணியில் உள்ளவரிடம் உடனே தெரிவியுங்கள். சொட்டுநீர்க் குப்பி மாட்டும் கம்பியையோ வேறு கூரிய பொருளையோ குழாய்களின்மீது சாய்த்து வைக்காதீர்கள்.

சுவரில் தொங்கும் வெப்பமானி சொல்லாதது

கூடாரத்தினுள் ஒரு வெப்பமானி 32 டிகிரி காட்டுவதாகக் கொள்வோம். ஆனால் கட்டிலில் படுத்திருப்பவர் ‘நெருப்பில் கிடப்பதுபோல் இருக்கிறது’ என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி? பெரும்பாலும் நோயாளி சொல்வதே சரி.

வெப்பமானி காற்றின் சூட்டை மட்டும் அளக்கிறது. மனித உடலோ, தன்னைச் சூழ்ந்துள்ள பரப்புகள் வீசும் கதிர்வெப்பத்தையும் பெறுகிறது. ஓட்டு வீட்டிலும் தகரக் கொட்டகையிலும் கோடைப் பிற்பகலைக் கழித்தவர்களுக்கு இது புதிதன்று. காற்று 32 டிகிரியாக இருக்க, சூழ்ந்துள்ள கூரையும் சுவரும் சராசரியாக 44 டிகிரியில் இருந்தால், காற்றோட்டம் குறைந்த இடத்தில் உடல் உணரும் வெப்பம் இவ்விரண்டின் சராசரியான 38 டிகிரியை ஒட்டியிருக்கும். அமர்ந்திருக்கும் செவிலியரைவிட, முகம் கூரையை நோக்கப் படுத்திருக்கும் நோயாளியின் உடலில் சூடான கூரையைக் காணும் பரப்பு மிகுதி.

ஆகவே சோதனையில் கருங்கோள வெப்பமானி என்னும் கருவியைப் பயன்படுத்துகின்றனர். கருமை பூசிய வெற்றுச் செம்புக் கோளத்தின் நடுவே பொருத்திய வெப்பமானி இது; கதிர்வெப்பத்தையும் சேர்த்துக் காட்டும். துணியின் வெளிப்புறம், உட்புறம், தரையருகே, நிற்பவரின் தலை உயரம் எனப் பல இடங்களில் உணரிகளை வைக்கின்றனர். கட்டில் உயரத்தில், ஒவ்வொரு கட்டிலின் இடத்திலும் தனித்தனியே அளக்கும் சோதனையே நோயாளிக்குப் பயன்படும். ‘கூடாரத்தின் சராசரி வெப்பநிலை’ என்ற ஒற்றை எண், குளிர்காற்றுக் குழாயின் வாயருகே இருக்கும் கட்டிலையும் மேற்குச் சுவரோரக் கட்டிலையும் ஒன்றாக்கிவிடுகிறது.

இந்தக் கதிர்வெப்பத்தைக் குறைக்க எளிய வழி, கூடாரத்திற்கு மேலே இடைவெளி விட்டு மற்றொரு நிழல் விரிப்பைக் கட்டுவதாகும். வெயிலை மேல் விரிப்பு ஏற்றுக்கொள்ளும். இடைவெளியில் காற்று ஓடி அச்சூட்டை அகற்றும். உட்புறத்தில் மற்றொரு துணியடுக்கு தொங்கவிடுவதும் உண்டு. ஒரே கூடாரத்தை இவற்றுடனும் இவையின்றியும் சோதித்து ஒப்பிடுகின்றனர். குளிர்சாதனத்தின் திறனைக் கூட்டுவதற்கு முன் நிழலைக் கூட்டுவதே சிக்கனமானது; எரிபொருள் தட்டுப்பாடுள்ள பேரிடர்ப் பகுதியில் இது இன்னும் பொருந்தும்.

சோதனையில் தேறியது போதுமா?

போதாது. மேலே கூறிய 49 டிகிரிச் சோதனை வறண்ட பாலைவனத்தை மனத்தில் கொண்டது. அங்கு வியர்வை உடனே உலர்ந்து உடலைக் குளிர்விக்கும். கடலோரத்தில் 36 டிகிரியே இருந்தாலும், காற்றில் ஈரப்பதம் நிறைந்திருந்தால் வியர்வை உலராது வழிந்தோடும், உடல் குளிராது. பாலைவனச் சோதனையில் தேறிய கூடாரம் என்பதற்காகப் புழுக்கமான ஊரில் நோயாளிக்குத் தீங்கில்லை என்று முடிவு செய்ய இயலாது. நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் ஏர் கூலர்களும் இவ்வாறே: வறண்ட ஊரில் நன்கு குளிர்விக்கும், புழுக்கத்தில் புழுக்கத்தையே கூட்டும்.

மேலும், சோதனைக்கு வரும் துணி பெரும்பாலும் புதியது, தூய்மையானது. களத்தில் சில நாள்களிலேயே புழுதி படியும். நான்கில் ஒரு பங்கு வெயிலை ஏற்ற துணி பாதியை ஏற்கத் தொடங்கினால், துணியில் தங்கும் வெப்பம் இரு மடங்காகிறது. கதவுத் திரை ஓயாமல் திறந்து மூடப்படுவதும், ஒரு நோயாளிக்கு ஒருவர் என்ற இடத்தில் மூவர் உடனிருப்பதும் ஆய்வுக்கூடத்தில் நிகழ்வதில்லை. இவற்றுள் சில உங்கள் கையில் இருக்கின்றன. கதவுத் திரையை உடனே மூடுங்கள். நண்பகல் முதல் மாலை வரை ஒருவர் மட்டும் உடனிருந்து, மற்றவர்கள் மர நிழலில் காத்திருங்கள். கூரையின்மீது நீர் தெளிப்பதைப் பணியாளர்களைக் கேளாமல் செய்ய வேண்டாம். மின்கம்பிகள் அதனருகே செல்லக்கூடும்.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

முதியோர், கைக்குழந்தைகள், கருவுற்ற பெண்கள், இதயம் அல்லது சிறுநீரக நோயுள்ளவர்கள் வெப்பத்தால் எளிதில் பாதிக்கப்படுவர். இவர்களைத் தவிர, எளிதில் கவனத்திற்கு வராத சிலரும் உண்டு. தீக்காயத்திற்குத் தோல் ஒட்டு வைக்கப்பட்ட இடத்தில் வியர்வை சுரக்காது. தண்டுவடத்தின் மேற்பகுதியில் காயமுற்றவர்களுக்குக் காயத்திற்குக் கீழுள்ள உடற்பகுதி வியர்ப்பதில்லை. நிலநடுக்கத்தில் இடிபாடுகளுக்கிடையே சிக்கியவர்களிடம் இக்காயங்கள் ஏற்படக்கூடும். சிறுநீர்ப்பெருக்கி மாத்திரைகள், சில மனநல மருந்துகள், சில பழைய ஒவ்வாமை மருந்துகள் ஆகியவையும் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் திறனைக் குறைக்கும். இவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. உட்கொண்டுவரும் மருந்துகளை மருத்துவரிடம் கூறி, வெயில் குறைவாகப்படும் கட்டிலைக் கேளுங்கள். கூடாரத்தில் எந்தப் பக்கம் பிற்பகல் வெயில் படுகிறது என்பதை நீங்களே பார்த்து அறியலாம்.

குழந்தையின் தொட்டிலை வெயிலுக்கு மறைப்பாகத் துணியால் மூட வேண்டாம்; காற்றோட்டம் தடைப்பட்டு உள்ளே சூடு கூடும். ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் தேவையில்லை; தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். நீர் அளவைக் கட்டுப்படுத்துமாறு அறிவுறுத்தப்பட்டுள்ள இதய, சிறுநீரக நோயாளிகள், எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

வலி நீக்கும் ஃபெண்டனில் ஒட்டுப்பட்டை அணிந்துள்ளவர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டும். தோல் சூடேறினால் அதிலிருந்து மருந்து அளவுக்கு மீறி உடலில் ஏறி, மூச்சு தளர்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். அவர் வழக்கத்திற்கு மாறாக உறக்கத்தில் ஆழ்ந்தால், வெப்பக் களைப்பு என்று விட்டுவிடாமல் செவிலியரை உடனே அழையுங்கள்.

பயன்பாட்டில் உள்ள இன்சுலினைப் பொதுவாக 30 டிகிரிக்குக் கீழ் வைத்திருக்க வேண்டும். எத்தனை நாள் பயன்படுத்தலாம் என்பதை அதன் உறை தெரிவிக்கும். துணிச் சுவரோரமும் தலையணைக்கு அடியிலும் வைக்காதீர்கள். மருத்துவமனையின் குளிர்பெட்டியில் ஒப்படைப்பதே நன்று. அதற்கு வழியில்லாத இடத்தில், நீர் கசியும் மண்பானையினுள் ஈரம் படாத சிறு டப்பாவில் வைப்பது உதவும். பனிக்கட்டியின்மீது நேரடியாக வைத்தால் இன்சுலின் உறைந்து பயனற்றுப்போகும். ஆக்சிஜன் செறிவூட்டி போன்ற கருவிகள் பல 40 டிகிரி வரையே இயங்குமாறு அமைக்கப்பட்டவை. அதன் காற்றுத் துளைகளைப் போர்வையோ சுவரோ மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை ஒலி எழுந்தால் அணைத்துவிடாமல் பணியாளரை அழையுங்கள்.

எப்போது உடனே அழைக்க வேண்டும்?

நோயாளி பிதற்றினால், கேட்ட கேள்விக்குத் தொடர்பின்றி விடை கூறினால், நடை தள்ளாடினால், வலிப்பு வந்தால் அல்லது உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியசை, அதாவது 104 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினால் அது வெப்ப அதிர்ச்சியாக இருக்கலாம். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. வியர்த்துக்கொண்டிருக்கும்போதும் இது நேரும். பணியாளரை அழைத்துவிட்டு, அவர் வரும்வரை மேலாடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் கழுத்து, அக்குள், தொடையிடுக்குப் பகுதிகளைத் துடைத்து விசிறுங்கள். காற்றின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருந்தால், உடலை நனைக்காமல் விசிறி மட்டும் போடுவது சூட்டையே கூட்டும். நினைவு தெளிவில்லாதவருக்கு நீரோ வேறு பானமோ புகட்டக் கூடாது. வெப்ப அதிர்ச்சியால் ஏறிய சூட்டைப் பாராசிட்டமால் மாத்திரை தணிக்காது. காயம்பட்டவருக்கு நோய்த்தொற்றாலும் காய்ச்சல் வரும் என்பதால், எது காரணம் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்; வெப்பம் எந்த நேரத்தில் ஏறத் தொடங்கியது, அப்போது குளிர்சாதனம் இயங்கியதா என்பதை நீங்கள் குறித்து வைத்திருந்து கூறினால் அம்முடிவு எளிதாகும்.

மருத்துவக் குழுவினரிடம் நீங்கள் தயங்காது கேட்கக்கூடியவையும் உண்டு. மின்சாரம் நின்றால் மாற்று மின்னாக்கி உள்ளதா? ஊதுவிசிறி நின்றால் கூடாரம் எவ்வளவு நேரம் நிற்கும்? நோயாளிகளை எங்கே மாற்றுவார்கள்? எழுந்து நடக்க இயலாத உறவினரைத் தூக்கிச் செல்ல எத்தனை பேர் தேவை, எந்த வாயில் வழியாகச் செல்ல வேண்டும் என்பதையும் கூடாரத்திற்கு வந்த முதல் நாளிலேயே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.